இரும்புச்சத்து மாத்திரை: சாதாரணமா, விலை கூடியதா, ஊசியா?

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 என்று வருகிறது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தருகிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் 9.3. உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாத்திரையை மாற்றச் சொல்லலாம் என்கிறார் ஒருவர். விலை கூடியதாக வாங்கலாம் என்கிறார் இன்னொருவர். ஒரேயடியாக ஊசி போட்டுவிடலாம், அல்லது மாத்திரையே வேண்டாம், பேரீச்சையும் முருங்கைக்கீரையும் போதும் என்றும் பேச்சு வரும். மாத்திரை சாப்பிட்டும் ஏன் ஏறவில்லை என்ற கேள்வி மட்டும் அந்தப் பேச்சில் அடிபட்டுப் போய்விடும். பதில் அங்கேதான் இருக்கிறது.

இது சில பேருக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைபாட்டால் வருவதில்லை; பி12 குறைபாடு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு, நாள்பட்ட நோய்கள் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முதலிடம் இரும்புக் குறைபாட்டுக்குத்தான். அதற்கான மருந்தும் புதிது இல்லை. 1832இலேயே பிரான்ஸில் பியேர் பிளோ என்ற மருத்துவர் ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பை மாத்திரையாக்கிக் கொடுத்தார். கிட்டத்தட்ட இருநூறு வருடப் பழமையான ஒரு மருந்து இன்னும் பலருக்கு வேலை செய்யாமல் போகிறதென்றால், பெரும்பாலும் சிக்கல் மருந்தில் இல்லை. வாயில் போட்ட இரும்பு ரத்தத்தில் சேரும் வழியில்தான் சிக்கல்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையோ, மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஃபெரஸ் மாத்திரையோ போதும்; எடுக்கும் விதத்தை மாற்றினால் பலன் கிடைக்கும். ஆனால் சிலருக்கு வாய்வழி இரும்பு எப்படி எடுத்தாலும் போதாது. அவர்களை மாதக்கணக்கில் மாத்திரையோடு அலையவிடுவது தவறு. நாம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதுதான் இந்த ஒப்பீட்டின் நோக்கம்.

இரும்பு உடலுக்குள் போகும் வழி

நம் உடலில் மொத்தமாக 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. நாள்தோறும் இழப்பதும் சேர்ப்பதும் 1 அல்லது 2 மில்லிகிராம். மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனியாக ஒரு வழி கிடையாது. அதனால் கட்டுப்பாடு முழுவதும் உள்ளே எடுக்கும் இடத்திலேயே நடக்கிறது.

அந்த இடம் சிறுகுடலின் தொடக்கப் பகுதி, அதாவது இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலும் அதை ஒட்டிய பகுதியும். அங்கே இரும்பு கரைந்த நிலையில், முடிந்தால் ஃபெரஸ் என்ற எளிதில் கரையும் வடிவில் வந்து சேர வேண்டும். இரைப்பை அமிலம் இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்கிறது. அமிலம் குறைந்தால் ஃபெரிக் என்ற இன்னொரு வடிவ இரும்பு கரையாமல் படிந்து, அப்படியே மலத்தோடு போய்விடும். குடல் செல்லுக்குள் நுழைந்த பிறகும் இன்னொரு கட்டம் உண்டு. செல்லிலிருந்து ரத்தத்துக்கு இரும்பை அனுப்பும் வாசலை ஹெப்சிடின் என்ற ஹார்மோன் காவல் காக்கிறது. கல்லீரலில் சுரக்கும் இந்த ஹெப்சிடின் அதிகமானால் வாசல் மூடிக்கொள்ளும். உடலில் இரும்பு நிறைய இருந்தாலும் அது கூடும். காய்ச்சலோ அழற்சியோ இருந்தாலும் கூடும். நாம் ஒரு பெரிய டோஸ் இரும்பை விழுங்கிய சில மணி நேரத்திலும் கூடும். இந்தக் கடைசி விஷயம்தான் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் மருத்துவர்களின் யோசனையை மாற்றியது. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

இப்போது ஒரு கணக்கு. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 என்று வைத்துக்கொள்வோம்; 13க்கு உயர்த்த வேண்டும். மருத்துவமனைகளில் பயன்படுத்தும் கன்சோனி சூத்திரப்படி எடையை ஹீமோகுளோபின் பற்றாக்குறையாலும் 2.4 என்ற எண்ணாலும் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்டுவார்கள். 50 × 5 × 2.4 என்றால் 600. அதோடு 500 சேர்த்தால் 1,100 மி.கி. இரும்பு. 60 மி.கி. மாத்திரை ஒன்றிலிருந்து 20 சதவீதம் சேர்கிறது என்று கொண்டால் 12 மி.கி. அப்படியானால் 90 மாத்திரைக்கு மேல், அதாவது தினமும் ஒன்று வீதம் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். இதெல்லாம் சரியாகச் சேர்ந்தால்தான். காபியோடு விழுங்கியதால் சேர்வது பாதியாகிவிட்டால், அதே பலனுக்கு ஆறு மாதம் ஆகும். மாதவிடாயில் போகும் இரும்பை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பத்து நாள் சாப்பிட்டுவிட்டு 'உடம்பில் ஒட்டவில்லை' என்று நிறுத்துபவர்களுக்கு யாராவது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

எந்த மாத்திரை?

மருந்துக்கடையில் கிடைக்கும் வாய்வழி இரும்பை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். ஒன்று ஃபெரஸ் உப்புகள்: சல்ஃபேட், ஃபியூமரேட், குளுக்கோனேட், அஸ்கார்பேட். இன்னொன்று மென்மையானவை என்று விற்கப்படுபவை: அயர்ன் பாலிமால்டோஸ், பிஸ்கிளைசினேட், லிப்போசோமல் அல்லது சுக்ரோசோமியல் இரும்பு.

முதலில் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும். அட்டையில் 200 மி.கி. என்று பெரிதாக இருக்கலாம். அது உப்பின் எடை. உண்மையான இரும்பு எவ்வளவு என்பது 'எலிமென்டல் அயர்ன்' என்ற இடத்தில் இருக்கும். உலர்ந்த ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி. மாத்திரையில் சுமார் 65 மி.கி. இரும்பு இருக்கிறது. ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி. மாத்திரையில் 35 மி.கி. மட்டுமே. குளுக்கோனேட் வயிற்றுக்கு ஒத்துப்போகிறது என்று சிலர் சொல்வதற்கு அதிலுள்ள இரும்பு குறைவு என்பதும் ஒரு காரணம். இந்திய அரசு தரும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. கர்ப்பிணிகள் நான்காம் மாதத்திலிருந்து தினமும் 180 நாட்களும், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாட்களும் எடுக்க வேண்டும் என்பது திட்டம்.

கர்ப்பிணிகளுக்குத் தனியார் மருத்துவமனைகளில் அதிகம் எழுதப்படுவது ஃபெரஸ் அஸ்கார்பேட். இதில் பெரும்பாலும் 100 மி.கி. இரும்பு இருக்கும். வைட்டமின் சி கூடவே இருப்பதால் இரும்பு ஃபெரஸ் வடிவிலேயே தங்கும் என்பது இதன் வாதம். வாதத்தில் பிழை இல்லை. ஆனால் சல்ஃபேட் மாத்திரையை ஒரு துண்டு கொய்யாவோடு சாப்பிட்டாலும் அந்த வேதியியல் நடக்கும். விலை வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதவர்கள் இதை எடுக்கலாம், தவறில்லை. மாதம் முழுக்க வாங்க முடியாமல் பாதியில் நிறுத்திவிடுவோம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது தேவையும் இல்லை.

பாலிமால்டோஸ் கதை வேறு. இது ஃபெரிக் இரும்பைச் சர்க்கரைக் கூட்டுப்பொருளுக்குள் கட்டிவைத்தது. குமட்டல் குறைவு, சாப்பாட்டோடு எடுக்கலாம், சிரப்பாகவும் கிடைக்கும். அதனால்தான் நம் ஊரில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தாராளமாக எழுதப்படுகிறது. ஆனால் ஹீமோகுளோபினை உயர்த்துவதில் இது ஃபெரஸ் உப்புகளுக்கு ஈடு என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. இதே இனத்தைச் சேர்ந்த பாலிசாக்கரைடு இரும்பை வைத்து அமெரிக்காவின் டாலஸில் 9 முதல் 48 மாத வயதுள்ள 80 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2017இல் வெளியானது. இரண்டு குழுவுக்கும் கிலோவுக்கு 3 மி.கி. வீதம், ஒரு நாளைக்கு ஒரு வேளை, 12 வாரம். சாதாரண ஃபெரஸ் சல்ஃபேட் எடுத்த குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் 7.9இலிருந்து 11.9 ஆனது. பாலிசாக்கரைடு எடுத்தவர்களுக்கு 7.7இலிருந்து 11.1 ஆனது. பழைய மருந்துதான் முன்னால் நின்றது. வயிற்றுக்கு இதமாக இருப்பதும் உடலில் சேர்வதும் ஒன்றாகவே நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சேராத இரும்பும் வயிற்றைத் தொந்தரவு செய்யாமல் போகலாம்.

பிஸ்கிளைசினேட் மீது எனக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு. கிளைசின் என்ற அமினோ அமிலம் இரும்பைப் பிடித்துக்கொண்டிருப்பதால் தானியங்களில் உள்ள ஃபைட்டேட் அதை எளிதில் தடுப்பதில்லை. டென்மார்க்கில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஓர் ஆய்வில் 25 மி.கி. பிஸ்கிளைசினேட் இரும்பு, 50 மி.கி. சல்ஃபேட் இரும்புக்குச் சமமாக இரும்புக் குறைபாடு வராமல் தடுத்தது. வயிற்றுத் தொந்தரவும் குறைவாக இருந்தது. கவனியுங்கள்: அது குறைபாடு வராமல் தடுப்பது பற்றிய ஆய்வு. ஏற்கெனவே 8க்கு இறங்கிய ஒருவரை மேலே தூக்குவது வேறு வேலை. சல்ஃபேட் வயிற்றுக்கு ஒத்தே வரவில்லை என்பவர்களுக்கு அடுத்த தேர்வாக இதைச் சொல்வேன். கொழுப்புப் படலத்துக்குள் வைத்துத் தரும் லிப்போசோமல், சுக்ரோசோமியல் வகைகள் விலை மிக அதிகம். இதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை.

ஒரு வகையை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். வயிற்றில் கரையாமல் குடலில் கரையும் பூச்சு போட்ட இரும்பு மாத்திரையும், மெதுவாகக் கரையும் வகையும். இந்தப் பூச்சு மற்ற மருந்துகளுக்குப் பெரிய உபகாரம். அமிலத்தில் சிதைந்துவிடும் பான்டோப்ரசோல் என்ற 'கேஸ் மாத்திரை'யை அது காப்பாற்றுகிறது. இரும்புக்கோ அது எதிராக வேலை செய்யும். இரும்பு உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் தொடக்கம். பூச்சு கரைவதற்குள் மாத்திரை அந்த இடத்தைத் தாண்டிவிடும். எரிச்சல் குறைவது உண்மை, ஏனென்றால் இரும்பு வெளியே வருவதே தாமதமாகத்தான். பிரிட்டனின் மருந்துக் கையேடும் இந்த வகைக்குச் சிகிச்சை ரீதியில் கூடுதல் பலன் இல்லை என்றே சொல்கிறது.

எப்போது, எதோடு?

மாத்திரையை மாற்றுவதைவிட அதிக வித்தியாசம் தருவது இந்தப் பகுதிதான். செலவும் இல்லை.

சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் இரும்பு குறைந்த 34 பெண்களிடம், 100 மி.கி. இரும்பு எவ்வளவு சேர்கிறது என்று அளந்து பார்த்தார்கள், 2023இல் வெளியானது. வெறும் தண்ணீரோடு காலையில் எடுத்ததை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். கூடவே 80 மி.கி. வைட்டமின் சி எடுத்தால் 30 சதவீதம் கூடியது. 500 மி.கி. எடுத்தால் அதைவிடப் பெரிதாகக் கூடவில்லை. காபியோடு எடுத்தால் 54 சதவீதம் குறைந்தது. காபியும் ஆரஞ்சுச் சாறும் உள்ள காலை உணவோடு எடுத்தால் 66 சதவீதம் குறைந்தது. ஆரஞ்சில் வைட்டமின் சி இருந்தும் அது காப்பாற்றவில்லை. பிற்பகலில் எடுத்தபோது காலையைவிட 37 சதவீதம் குறைவு, ஏனென்றால் ஹெப்சிடின் பொழுது ஏற ஏறக் கூடும்.

காலை எழுந்ததும் ஃபில்டர் காபி, அப்புறம் இட்லி, அதோடு மாத்திரை என்பது நம் வீடுகளில் எவ்வளவு இயல்பாக நடக்கிறது! அந்த ஒரு பழக்கத்திலேயே மாத்திரையின் பலன் பாதிக்கு மேல் போய்விடும். டீயும் அப்படித்தான், அதிலுள்ள டானின் இரும்பைக் கட்டிக்கொள்ளும். பல் துலக்கியதும் தண்ணீரில் மாத்திரை, கூடவே பாதிக் கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ, பிறகு ஒரு மணி நேரம் கழித்து காபி என்று மாற்றிக்கொள்வது கஷ்டமில்லை. காபி இல்லாமல் ஒரு மணி நேரம் முடியாது என்பவர்கள் காலைச் சிற்றுண்டி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கலாம். வைட்டமின் சி மாத்திரையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சீனாவில் 440 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், இரும்பு மாத்திரையோடு வைட்டமின் சி மாத்திரை சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஏறிய அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பழம் சேர்ப்பதால் கெடுதல் இல்லை. காபியைத் தள்ளிப்போடுவதால் வரும் லாபம் அதைவிடப் பெரிது.

கால்சியம் மாத்திரை அடுத்த சிக்கல். கர்ப்பிணிகளுக்கு இரண்டும் சேர்த்தே தருகிறார்கள். இரண்டையும் ஒரே வேளையில் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குபவர்கள் ஏராளம். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் இரும்பு, மதியமும் இரவும் சாப்பாட்டோடு கால்சியம் என்று வைத்துக்கொண்டால் எளிது. பாலுக்கும் இதே விதி. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரும்புக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் விட வேண்டும்; இல்லாவிட்டால் இரும்பு தைராய்டு மருந்தையும் சேர விடாது. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளும் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். அவற்றை எடுக்கும் நாட்களில் இடைவெளியை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரும்பு மாத்திரையால் நெஞ்செரிகிறது என்று 'கேஸ் மாத்திரை' வாங்கிப் போடுகிறார்கள். பான்டோப்ரசோலும் ஒமிப்ரசோலும் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள். அமிலம் குறைந்தால் இரும்பு கரைவதும் குறையும் என்று மேலே பார்த்தோம். ஆக, இரும்பு சேருவதற்கு இருந்த வாய்ப்பையும் நாமே கெடுத்துக்கொள்கிறோம். பல வருடங்களாகக் கேஸ் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இரும்பு ஏறவில்லை என்றால், இரும்பு மாத்திரையை மாற்றுவதற்கு முன்பு அந்த மாத்திரை இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்பதுதான் முதல் வேலை. இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் போன்று சிலருக்கு அது உண்மையாகவே தேவைப்படும், அவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா?

முன்பு ரத்தசோகைக்கு ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மாத்திரை எழுதுவார்கள். அதிகம் கொடுத்தால் அதிகம் சேரும் என்ற எண்ணம். ஹெப்சிடினை அளக்கத் தொடங்கிய பிறகு இது கேள்விக்குள்ளானது. 60 மி.கி. அல்லது அதற்கு மேல் இரும்பு எடுத்தால் ஹெப்சிடின் உயர்ந்து ஒரு நாள் வரை அப்படியே நிற்கும். அடுத்த நாள் எடுக்கும் மாத்திரை அந்த மூடிய வாசலில் முட்டும்.

சூரிக் குழுவின் 2017 ஆய்வில் இரும்பு குறைந்த, ஆனால் ரத்தசோகை இல்லாத 40 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பாதிப் பேர் 60 மி.கி. தினமும் 14 நாள், மறுபாதிப் பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் 28 நாள் எடுத்தார்கள். மாத்திரை எண்ணிக்கை இரு பக்கமும் 14தான். தினமும் எடுத்தவர்களுக்கு ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் சராசரியாக 16.3 சதவீதமும், இடைவெளி விட்டவர்களுக்கு 21.8 சதவீதமும் சேர்ந்தது. மொத்தமாக 131 மி.கி.க்கு எதிரே 175 மி.கி. 120 மி.கி. டோஸை ஒரு நாளுக்குள் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை என்றும் அந்த ஆய்விலேயே தெரிந்தது.

அப்படியானால் எல்லோரும் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா? இங்கே அவசரப்படக் கூடாது. ஒரு மாத்திரையிலிருந்து சேரும் விகிதம் கூடுகிறது என்பது சரி, ஆனால் பாதி மாத்திரைதானே எடுக்கிறோம். வாரக் கணக்கில் பார்த்தால் தினமும் எடுப்பவருக்கே மொத்தத்தில் அதிகம் சேரும். சண்டிகரில் ரத்தசோகை நோயாளிகளிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு குழு 60 மி.கி. தினமும் இரு வேளை; இன்னொரு குழு 120 மி.கி. ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் எடுத்தவர்களுக்கு ஹீமோகுளோபின் வேகமாக ஏறியது. மற்றவர்கள் அதே மொத்த அளவு இரும்பை எடுத்து முடித்தபோது அதே இடத்தை அடைந்தார்கள், ஆனால் இரண்டு மடங்கு காலம் ஆனது. குமட்டல் தினமும் எடுத்தவர்களிடம் அதிகம். சூரிக்கில் 150 பெண்களிடம் நடந்த நீண்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது: சம அளவு இரும்பு எடுத்து முடித்தபோது சேமிப்பு சமமாக இருந்தது, இடைவெளி விட்டவர்களுக்கு வயிற்றுத் தொந்தரவு குறைவு.

ஆகவே முடிவு எவ்வளவு அவசரம் என்பதைப் பொறுத்தது. ஹீமோகுளோபின் 10, 11இல் இருக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை, மாத்திரை வயிற்றைப் படுத்துகிறது என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பதே நல்லது. 8இல் இருக்கிறது, அல்லது பிரசவத்துக்குச் சில மாதங்களே இருக்கின்றன என்றால் தினமும் எடுக்க வேண்டும். அப்போதும் ஒரு நாளைக்கு ஒரே வேளையாக. கர்ப்பிணிகள் அரசுத் திட்டத்தின் தினசரி அளவைத் தாமாகக் குறைத்துக்கொள்ள வேண்டாம். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு இரண்டு மாத்திரை எழுதியிருந்தால் அதை எப்படிப் பிரித்து எடுப்பது என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

வயிறு ஒத்துழைக்காவிட்டால்

ஃபெரஸ் சல்ஃபேட்டின் வயிற்றுத் தொந்தரவு கற்பனை இல்லை. 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு அலசலில், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இதை எடுத்தவர்களுக்கு வயிற்றுப் பிரச்சினை வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மலச்சிக்கல், குமட்டல், வயிற்று வலி. சேராமல் குடலில் தங்கும் இரும்புதான் இதற்குப் பெரிய காரணம். ஒரு நோயாளி இதைச் சொல்லும்போது 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிட்டால், அவர் மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த முறை 'சாப்பிடுகிறேன்' என்று சொல்வார். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு மாறுங்கள். அதற்கும் சரிப்படவில்லை என்றால் இரும்பு குறைவாக உள்ள மாத்திரை. அதுவும் முடியாதபோது சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள். சேர்வது குறையும்தான், ஆனாலும் எடுக்காமலே இருப்பதைவிட மேல். பிஸ்கிளைசினேட் போன்ற விலை கூடியவை அதற்குப் பிறகுதான். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சேராத இரும்பின் நிறம். தார் போல ஒட்டும் தன்மையோடு, கெட்ட வாடையுடன் போனால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். அது வயிற்றில் ரத்தக் கசிவாக இருக்கலாம்.

முருங்கைக்கீரை, பேரீச்சை, பீட்ரூட் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீரை நல்ல உணவு, சாப்பிடுங்கள். ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பு கொஞ்சமே சேரும், 1,100 மி.கி. பற்றாக்குறையை அது அடைக்காது. ஈரலும் மீனும் இறைச்சியும் இதில் கொஞ்சம் மேல், அவற்றின் இரும்பு வேறு வழியில் எளிதாகச் சேரும். குறைபாடு திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள உணவு, வந்ததைச் சரிசெய்ய மருந்து.

ஊசி யாருக்கு?

ஊசி என்று பேச்சில் சொன்னாலும் இன்று பெரும்பாலும் நரம்பு வழியாக டிரிப்ஸில்தான் ஏற்றுகிறார்கள். இடுப்பில் போடும் பழைய இரும்பு ஊசி வலிக்கும், தோலில் கறை விடும்; அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. நரம்பு வழியில் நம் ஊரில் பரவலாக உள்ளவை இரண்டு. அயர்ன் சுக்ரோஸை ஒரு தடவைக்கு 200 மி.கி. வீதம் ஏற்றுவார்கள், 1,000 மி.கி. வேண்டுமென்றால் ஐந்து தடவை போக வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் கர்ப்பிணிகளுக்கு இதைப் போடுகிறார்கள். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸை ஒரே அமர்வில் 1,000 மி.கி. வரை கால் மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். தனியாரில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். தினக்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு ஐந்து முறை மருத்துவமனைக்கு அலைவதும் செலவுதான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நரம்பில் ஏற்றும்போது குடல், அமிலம், காபி, குடல் வாசலின் ஹெப்சிடின் எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறோம். அந்தத் தடைகளே பிரச்சினையாக உள்ளவர்களுக்குத்தான் இது உரியது. இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கோதுமைப் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயோ குடல் அழற்சி நோயோ உள்ளவர்கள், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்கள், மாதவிடாய் ரத்தப்போக்கு மாத்திரையால் ஈடுகட்ட முடியாத அளவு உள்ளவர்கள், கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் ரத்தசோகை கண்டுபிடிக்கப்பட்டவர்கள். இதயச் செயலிழப்பு நோயாளிகளின் கதை இதில் தெளிவான உதாரணம். அமெரிக்காவில் 225 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், 150 மி.கி. வாய்வழி இரும்பை ஒரு நாளைக்கு இரு வேளை, 16 வாரம் கொடுத்தும் அவர்களின் உடற்பயிற்சித் திறன் முன்னேறவில்லை. அழற்சியால் ஹெப்சிடின் உயர்ந்திருப்பவர்களுக்கு வாய்வழி இரும்பு உள்ளே போகவே சிரமப்படும். அவர்களுக்கு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் அது காலவிரயம்.

ஆனால் டிரிப்ஸ் ஏற்றுவது உடம்புக்குத் தெம்பு தரும் என்று பொதுவாகக் கேட்டுப் போட்டுக்கொள்வது சரியில்லை. அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம், அதைச் சமாளிக்க வசதி உள்ள இடத்தில்தான் ஏற்ற வேண்டும். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை நிரந்தரமாக நிற்கும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ஏற்றக் கூடாது. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸுக்கு இன்னொரு பின்விளைவு உண்டு: ரத்தத்தில் பாஸ்பரஸ் இறங்குவது. 2020இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் இதை எடுத்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அப்படி இறங்கியது. ஃபெரிக் டெரிசோமால்டோஸ் என்ற இன்னொரு நரம்புவழி இரும்பை எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான். பலருக்கு அறிகுறி இல்லாமல் தானாகச் சரியாகிவிடும். இந்த மருந்தைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொள்பவர்களுக்கு எலும்பு வலியோ தசைச் சோர்வோ வந்தால் பாஸ்பரஸைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எப்போது முடிவை மாற்றுவது?

மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை. சரியாக எடுத்தால் இரண்டு வாரத்திலேயே ஹீமோகுளோபின் 1 அளவுக்கு ஏறத் தொடங்கும், ஒரு மாதத்தில் 2 வரை ஏறும். தினமும் எடுத்தும் மூன்று, நான்கு வாரத்தில் ஏற்றம் இல்லை என்றால் அப்போதே மருத்துவரிடம் போங்கள். காபி, கால்சியம், கேஸ் மாத்திரை எல்லாம் சரிபார்த்த பிறகும் ஏறவில்லை என்றால் மூன்று கேள்வி மிஞ்சும். முதலாவது, இது இரும்புக் குறைபாடுதானா? உடலில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யாமலே மாத்திரை தொடங்கியிருந்தால் இப்போது செய்துகொள்ளுங்கள். ஃபெரிட்டின் 30க்குக் கீழே என்றால் இரும்பு குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது இந்த எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். பரம்பரையாகத் தலசீமியா கூறு உள்ளவருக்கும் செல்கள் சிறுத்துத் தெரியும். அவருக்குக் குறைபாடு இல்லாமல் இரும்பு கொடுத்துக்கொண்டே இருப்பது நல்லதில்லை. இரண்டாவது, ரத்தம் எங்காவது கசிகிறதா? கொக்கிப்புழு, மூலம், குடல் புண், அதிக மாதவிடாய். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைபாடு வந்தால் இரைப்பையையும் பெருங்குடலையும் எண்டோஸ்கோபியில் பார்க்காமல் மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. குடல் புற்றுநோய் முதன்முதலில் இப்படித் தெரியவருவது உண்டு. மூன்றாவது, குடல் உறிஞ்சவில்லையா? இதற்கு ஆம் என்று பதில் வந்தால் நரம்பு வழிக்குப் போவதில் தயங்க வேண்டாம்.

ஏறத் தொடங்கியவர்கள் செய்யும் பொதுவான தவறு, ஹீமோகுளோபின் 12 ஆனதும் நிறுத்துவது. மேலே போட்ட கணக்கில் 500 மி.கி. சேமிப்புக்கு என்று இருந்ததே, அது அப்போது இன்னும் நிரம்பியிருக்காது. இன்னும் மூன்று மாதம் தொடர்ந்துவிட்டு ஃபெரிட்டின் பார்த்து நிறுத்துங்கள். அந்த மூன்று மாதமும் வீட்டில் மாத்திரை இருக்கும் என்பதால் ஒரு விஷயம்: அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். சர்க்கரைப் பூச்சு போட்ட சிவப்பு, நீல மாத்திரைகள் மிட்டாய் போலத்தான் இருக்கும். 2023இல் உதகையில் பள்ளி மாணவிகள் போட்டி போட்டுக்கொண்டு இரும்பு மாத்திரைகளை விழுங்கி, ஒரு சிறுமி உயிரிழந்தாள். குழந்தை அதிகமாக விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கும் வரை காத்திருக்காமல் காலி அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.